ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் மீது கடன்: சட்டமும் ஃபிக்ஹும்

விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதையில் சிவகாசிக்கு முன்னதாக அமைந்த ஊர் திருத்தங்கல். நின்ற நாராயணப் பெருமாள் கோயிலால் வைணவ உலகில் பெயர் பெற்ற பழம்பதி. 2021இல் சிவகாசியோடு இணைக்கப்பட்டு மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. தீப்பெட்டி, அச்சு, பட்டாசு என்னும் மூன்று தொழில்களே அவ்வட்டாரத்தின் உயிர்நாடி. அவற்றுள் பட்டாசுத் தொழில் ஏறத்தாழ முழுமையாக ஒரே ஒரு பண்டிகையை நம்பி நிற்கிறது. தீபாவளி கழிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடப்படுகின்றன. கூலி நிற்கிறது, அடுப்பு நிற்பதில்லை. மழைக்காலக் காய்ச்சலும் தை மாதத் திருமணங்களும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் ஆலையின் நாட்காட்டியைப் பார்த்து வருவனவும் அல்ல.

இத்தகைய வேளையில் தொழிலாளியின் வீட்டுப் பெட்டியில் பணமாக மாறக்கூடிய பொருள்கள் இரண்டே. ஒன்று நகை. மற்றொன்று, முகவர் ஒருவரின் வற்புறுத்தலால் எப்போதோ எடுத்து, விட்டும் தொட்டும் பிரீமியம் கட்டி வந்த ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். நகையை அடகு வைக்கும் வழி எல்லோரும் அறிந்தது. பத்திரத்தை அடைமானமாக வைத்துக் கடன் பெறலாம் என்பதையோ, அதன் நன்மை தீமைகளையோ பலர் அறிவதில்லை. அறிந்த முஸ்லிம்களிடையே இன்னொரு வினாவும் உண்டு: இது மார்க்கத்தில் ஆகுமானதா? இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய்வது நம் நோக்கம். ஃபத்வா வழங்கும் தகுதி நமக்கில்லை, அதற்குரியவர்கள் ஆலிம்கள். எனினும், கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு முன் பொருளைச் சரியாக அறிந்திருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

முதலில், இறந்தால் பணம் தருவதாகச் சொல்லும் ஒரு தாளுக்கு, உயிரோடிருக்கும்போதே எப்படி விலை வருகிறது? இருபத்தைந்து வயது இளைஞன் ஓர் ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அறுபது வயதினருக்கு அது பன்மடங்கு. ஆண்டுதோறும் அவ்வாண்டின் ஆபத்துக்குரிய தொகையை மட்டும் வாங்கினால் இளமையில் பிரீமியம் சொற்பமாகவும் முதுமையில் தாங்க முடியாததாகவும் இருக்கும். ஆகவே எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே அளவான தொகையை வாங்கும் முறை தோன்றியது. லண்டனில் 1762இல் நிறுவப்பட்ட எக்விடபிள் சங்கம் இம்முறையைக் கணித அடிப்படையில் நடைமுறைப்படுத்தியது. இதன்படி ஒருவர் இளமையில் தேவைக்கு மிகுதியாகச் செலுத்துகிறார். அம்மிகுதி அவர் பெயரில் இருப்பாகச் சேர்கிறது. முதிர்வின்போது பணம் திரும்பும் எண்டோமென்ட் வகைப் பாலிசிகளில் சேமிப்புப் பகுதியும் கூடுவதால் இந்த இருப்பு இன்னும் பெரிது.

இந்த இருப்பு யாருக்குரியது? பிரீமியம் தவறினால் எல்லாம் நிறுவனத்துக்கே என்பதுதான் தொடக்க காலத்து நிலை. 1844இல் லண்டன் சென்ற எலைசர் ரைட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், பிரீமியம் கட்ட வழியற்ற முதியவர்களின் பாலிசிகள் ராயல் எக்ஸ்சேஞ்சில் ஏலம் விடப்படுவதைக் கண்டார். ஏலம் எடுப்பவனுக்கு அம்முதியவர் எவ்வளவு விரைவில் இறக்கிறாரோ அவ்வளவு இலாபம். ரைட் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் ஊறியவர்; மனித உயிரின் மீதான ஏலம் அவரை உலுக்கியதில் வியப்பில்லை. பின்னர் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் காப்பீட்டு ஆணையரானார். பிரீமியம் நின்றாலும் பாலிசிதாரரின் இருப்பு பறிபோகக் கூடாது என்ற சட்டம் 1861இல் அங்கு இயற்றப்பட்டது அவருடைய முயற்சியால்தான். இன்று ‘சரண்டர் மதிப்பு’ என்று முகவர்கள் சொல்வதன் வேர் இதில் இருக்கிறது.

நம் நாட்டில் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 113ஆம் பிரிவு இவ்வுரிமையை ஏற்றது. 1956 செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. நாட்டிலிருந்த 245 காப்பீட்டு நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் அதனுள் அடங்கின. எளிய மனிதரின் சேமிப்பு அரசின் பொறுப்புக்குள் வந்தது. (அப்பணத்தை எங்கே முதலீடு செய்வது என்பதில் அடுத்த ஆண்டே எழுந்த முந்த்ரா விவகாரத்தில் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலக நேர்ந்தது தனிக்கதை.) நெடுங்காலம் மூன்றாண்டுப் பிரீமியம் கட்டிய பின்னரே சரண்டர் மதிப்பு பிறக்கும் என்ற விதி இருந்தது. பின்னர் அது தளர்ந்து வந்தது. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி விற்கப்படும் பாலிசிகளில், முதலாண்டுப் பிரீமியம் முழுமையாகச் செலுத்தப்பட்டு அவ்வாண்டு முடிந்ததும் ஓரளவு மதிப்பு உண்டாகிவிடுகிறது. பழைய பாலிசிகளுக்குப் பத்திரத்தில் அச்சிடப்பட்ட நிபந்தனைகளே பொருந்தும்.

கடன் இந்த மதிப்பின் மீதே தரப்படுகிறது. காப்பீட்டுத் தொகையின் மீதன்று. ஒரு லட்சம் ரூபாய்ப் பாலிசி வைத்திருப்பவர் ஒரு லட்சத்துக்கு அருகில் கடன் கிடைக்கும் என்று எண்ணிச் செல்வதும், சொன்ன தொகையைக் கேட்டு மனம் வெதும்பித் திரும்புவதும் கிளை அலுவலகங்களில் காணக்கூடிய காட்சி. திட்டத்துக்குத் திட்டம் மாறுமெனினும், பிரீமியம் ஒழுங்காகக் கட்டப்பட்டு நடப்பிலுள்ள பாலிசிக்குச் சரண்டர் மதிப்பில் தொண்ணூறு விழுக்காடு வரையிலும், பிரீமியம் இடையில் நின்றுபோய்க் குறைந்த தொகையோடு நிற்கும் பாலிசிக்கு எண்பது விழுக்காடு அளவிலும் தருவது வழக்கம். மூலப் பத்திரத்தை ஒப்படைத்து, அதனைக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்கே உரிமை மாற்றம் செய்து கையொப்பமிட வேண்டும். ஜாமீன்தாரர் தேவையில்லை, சம்பளச் சீட்டு தேவையில்லை. நாள்கூலி பெறும் பட்டாசுத் தொழிலாளிக்கு இவ்வாயில் திறந்திருப்பதன் காரணம் இதுவே. வட்டி ஆறு மாதத்துக்கொரு முறை செலுத்தத் தக்கது. அசலைத் திருப்பித் தரக் கெடு விதிப்பதில்லை. முதிர்வின்போதோ இறப்பின்போதோ கழித்துக்கொள்வார்கள்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய பாலிசியின் சரண்டர் மதிப்பு 40,000 ரூபாய் என்று கொள்வோம். பாலிசி நடப்பில் இருந்தால் 36,000 வரை கடன் கிடைக்கும். வட்டியை, கணக்கு எளிமைக்காக, ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு 1,800 ரூபாய், ஆண்டுக்கு 3,600. இதே தொகையை ஊரில் ‘மூன்று ரூபாய் வட்டிக்கு’ வாங்கினால், அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால், மாதம் 1,080, ஆண்டுக்கு 12,960. மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பேச வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டரசு 2003இல் அதீத வட்டித் தடைச் சட்டத்தை இயற்றிக் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையைச் சொல்லி ஒரு குடும்பமே தீக்குளித்தது. சட்டம் இருப்பது வேறு, கடன் கேட்டுச் செல்ல வேறு கதவு இருப்பது வேறு.

இனி அதே மனிதர் வட்டியைக் கட்டவில்லை என்று கொள்வோம். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து தானும் வட்டி ஈனும். ஐந்தாண்டு கழிந்தால் 36,000 என்பது 58,640 ரூபாய் ஆகிவிடும். ஆயினும் அவர் பிரீமியத்தைத் தவறாமல் கட்டி வந்தால் பாலிசி பிழைத்திருக்கும். நடப்பிலுள்ள பாலிசியைக் கடன் பாக்கி மிகுந்துவிட்டது என்ற காரணத்தால் முறித்துவிடக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அபாயம் எங்கே என்றால், வாங்கிய கடனோடு பிரீமியத்தையும் நிறுத்திவிடுவதில். குறைந்த தொகையாக நிற்கும் பாலிசியின் மீது 32,000 வாங்கி ஒன்றும் கட்டாதிருந்தால், ஐந்தாம் அரையாண்டின் முடிவில் பாக்கி 40,841 ஆகும். இதற்குள் சரண்டர் மதிப்பும் சிறிது உயரும். ஆகவே இன்னும் சில மாதம் நீளலாம். அதன்பின் அறிவிப்பு அனுப்பி, அவகாசம் தந்து, பாலிசியை முடித்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அறிவிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். பத்திரமோ அலுவலகத்தில். வீட்டில் மனைவி, கணவருக்குக் காப்பீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பார்.

இந்த நம்பிக்கை எத்தகைய மண்ணில் வேர்கொண்டது என்பதைச் சிவகாசி வட்டாரத்தார் அறிவார்கள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 38 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். மருந்து கலக்கும் அறையில் வேலை செய்பவரின் பாலிசியும் அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டுபவரின் பாலிசியும் தாளில் ஒன்றே, பொருளில் ஒன்றல்ல. முன்னவரின் குடும்பத்துக்கு அது வெறும் சேமிப்பு அன்று. ஆகவே ‘குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறது’ என்ற ஒரே காரணத்துக்காக அதை அடைமானம் வைப்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. இறப்பு நேர்ந்தால் கடனும் வட்டியும் போக மீதிதான் வீட்டுக்கு வரும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், 1990 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தொழிலாளர் ஒவ்வொருவரும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யப்பட வேண்டும் என்றும், குழுக் காப்பீட்டுக்கான பிரீமியத்தை வேலை தருபவரே ஏற்க வேண்டும் என்றும் பணித்தது. அவ்வகைக் குழுக் காப்பீட்டில் தொழிலாளியின் பெயரில் இருப்பு எதுவும் சேர்வதில்லை. அடைமானம் வைக்கவும் ஒன்றுமில்லை. 2015 மே மாதம் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டமும் அத்தகையதே. ஆண்டுக்கு 330 ரூபாயாக இருந்து 2022 ஜூன் முதல் 436 ஆன பிரீமியத்துக்கு, இறப்பு நேர்ந்தால் இரண்டு லட்சம், உயிரோடிருந்தால் ஒன்றுமில்லை. முதிர்வுத் தொகை இல்லாத தூய இடர்காப்புப் பாலிசிகள் எல்லாமே இவ்வகை. பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப் பாலிசிகளில், 2010ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின், கடன் வழங்க இடமில்லை. சிற்றூர் மக்களுக்காக 1995இல் தொடங்கப்பட்ட ஊரக அஞ்சல் ஆயுள் காப்பீட்டில் எண்டோமென்ட் பாலிசிக்கு மூன்றாண்டும் முழு ஆயுள் பாலிசிக்கு நான்காண்டும் கழிந்தால் கடன் உண்டு. ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: எந்தப் பாலிசி கடனுக்கு ஆகாதோ, அதுவே பெரும்பாலும் குடும்பத்துக்கு மிகுந்த பாதுகாப்பைக் குறைந்த செலவில் தருவது.

இனி மார்க்கத்தின் பார்வை. வணிகக் காப்பீட்டைப் பற்றிய ஃபிக்ஹு ஆய்வு புதிதன்று. 1836இல் காலமான டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், கப்பல் சரக்குக்கு வணிகர்கள் செலுத்திய ‘சூகரா’ என்னும் காப்புத் தொகையை ஆராய்ந்து, அவ்வழி ஈட்டுத்தொகை பெறுவதில் உள்ள தடைகளை எடுத்துக் காட்டினார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் ‘கரர்’ எனும் நிச்சயமின்மை பெருமளவு உள்ளதால் அது ஆகாதென்றும், பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடு ஆகுமென்றும் தீர்மானித்தது. மறுபுறம் முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற பெரும் அறிஞர் காப்பீட்டை அனுமதிக்கும் நிலைப்பாட்டை வலுவாக எடுத்துரைத்தார். மலேசியா 1984லேயே தகாஃபுல் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அத்தகைய மாற்றுக்குச் சட்ட வழி அமையவில்லை. இவ்விவாதத்தை மீண்டும் நடத்துவது நம் நோக்கமன்று. பாலிசி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதன் மீது கடன் வாங்கலாமா என்பதே கேள்வி.

அடைமானம் என்பதைப் பொறுத்தவரை ஐயமில்லை. அல்பகரா அத்தியாயத்தில், கடனை எழுதி வைப்பதைக் கற்பிக்கும் நீண்ட வசனத்தை அடுத்தே, எழுதுபவர் கிடைக்காத பயணத்தில் கைப்பற்றப்பட்ட அடைமானம் போதும் என்ற வழிகாட்டல் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காகத் தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடைமானம் வைத்திருந்தார்கள். அது மீட்கப்படாத நிலையிலேயே மறைந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அக்கவசம் கடனுக்கு உறுதியாக நின்றது. கோதுமையின் அளவைக் கூட்டவில்லை. ‘ரஹ்ன்’ எனும் அடைமானத்தின் இலக்கணமே அதுதான்.

ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. அடைமானப் பொருள் விற்கத் தக்கதாக, ஒப்படைக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பர் ஃபுகஹாக்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் இருப்பது பொருளன்று. நிறுவனம் பாலிசிதாரருக்குத் தர வேண்டிய ஒரு கடன். பிறரிடமிருந்து வரவேண்டிய கடனை அடைமானம் வைப்பதை ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஏற்பதில்லை, மாலிகிகள் ஏற்கின்றனர். தமிழகத்தில் கடற்கரையூர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் மிகுதி என்பதால் இது வெறும் ஏட்டு விவாதமன்று. எனினும் தர வேண்டியவனிடமே அதை வைத்துப் பணம் பெறும்போது நிகழ்வது உண்மையில் அடைமானமா என்றே கேட்கலாம். ஒருவர்க்கொருவர் தர வேண்டியதை நேர்செய்துகொள்ளும் ‘முகாஸ்ஸா’ என்ற வகையில் அது அடங்கக் கூடும். வியப்பூட்டும் வகையில், 1910இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் ஏறத்தாழ இதே கருத்துக்கு வந்தார். பாலிசிக் கடனைக் கடன் என்று அழைத்தாலும், பாலிசிதாரர் தனிப்பட்ட முறையில் கடனாளி ஆவதில்லை. பின்னர் தர வேண்டியதில் ஒரு பகுதி முன்கூட்டித் தரப்பட்டுக் கழிக்கப்படுகிறது, அவ்வளவே என்றார்.

இதைப் பற்றிக்கொண்டு, ‘என் பணத்தை நானே எடுக்கிறேன், இதில் ரிபா எங்கிருந்து வந்தது?’ என்று வாதிடுவோர் உண்டு. வாதம் கவர்ச்சியானது. அப்படியானால் அவர் வட்டி ஏன் கட்டுகிறார்? காப்பீட்டுக் கணிதர்களின் விடை இது: பிரீமியத்தைக் கணக்கிடும்போதே, சேரும் இருப்பு ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு வளரும் என்று கொள்ளப்பட்டிருக்கிறது. ஒருவர் அதில் ஒரு பகுதியை வெளியே எடுத்த பின்னும் அவருடைய காப்புத் தொகை குறைவதில்லை, போனஸும் குறைவதில்லை. எடுத்த பணம் உள்ளே இருந்திருந்தால் ஈட்டியிருக்கக் கூடியதை அவர் ஈடுசெய்யாவிட்டால், கடன் வாங்காத பிற பாலிசிதாரர்களின் பங்கிலிருந்து அவர் உண்பதாகும். இவ்விளக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பணத்துக்குக் காலத்தின் பெயரால் மட்டுமே முன்கூட்டி விலை விதிக்கலாமா என்ற அடிப்படை வினாவுக்கு அது பதிலன்று. உண்மையான ஈட்டம் எவ்வளவு என்று பாராமல் விகிதம் முன்பே நிர்ணயிக்கப்படுகிறது. கட்டாவிட்டால் வட்டிக்கு வட்டியும் ஏறுகிறது. ஆகவே, எடுக்கும் அசல் தன் பணம் என்பது பெருமளவு சரி. கூடுதலாகத் தரும் தொகைக்கு வேறு பெயர் சூட்ட நமக்கு வழி தெரியவில்லை.

மலேசியாவில் 1992 முதல் நடைபெறும் ‘அர்ரஹ்னு’ நகையடகு நிலையங்கள் கடனுக்கு வட்டி வாங்குவதில்லை. நகையைக் காத்து வைப்பதற்குக் கூலி மட்டுமே வாங்குகின்றன. அதே வழியைப் பாலிசிக்கும் காட்டலாம் என்று சிலர் எண்ணக் கூடும். நகைக்குப் பெட்டகமும் காவலும் வேண்டும். ஒரு தாளைக் காப்பதற்கு என்ன செலவு? அங்கே பொருளுடைய பெயர் இங்கே வெறும் பெயராகிவிடும்.

நிர்ப்பந்தம் வந்தால்? பட்டாசுக்கு எதிரான வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததைத் தொடர்ந்து, அவ்வாண்டு நவம்பரில் மூடிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. அப்போது ஒரு குடும்பத் தலைவன் நோயாளித் தாயை வைத்துக்கொண்டு மீட்டர் வட்டிக்காரனிடம் போவதா, பாலிசியைக் கொண்டு போவதா என்று தவித்திருந்தால், இரண்டு தீங்குகளுள் சிறியதைத் தேர்வது என்ற ஃபிக்ஹு விதி அவனுக்குத் துணை நிற்கும் என்றே கருதுகிறோம். மகளின் திருமணப் பந்தலுக்கு அவ்விதியை இழுப்பது வேறு. பாலிசியையே சரண்டர் செய்துவிடலாமே என்பது தூய வழியாகத் தோன்றும். ஆனால் அபாயத் தொழிலாளியின் குடும்பம் அன்றிலிருந்து காப்பற்றதாகிவிடும். தொடக்க ஆண்டுகளில் கட்டியதில் கணிசமான பகுதியும் போய்விடும். பிரீமியத்தை மட்டும் நிறுத்திக் குறைந்த தொகையாக விட்டுவைப்பது இடைவழி.

நல்ல வழி வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பாலிசியைக் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் அடைமானம் வைக்க வேண்டும் என்பதில்லை. 38ஆம் பிரிவின்படி வங்கிக்கோ, அறக்கட்டளைக்கோ, தனி மனிதருக்கோ உரிமை மாற்றம் செய்யலாம்; 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பகுதியளவிலும் நிபந்தனையுடனும் செய்யலாம் என்பது தெளிவாக்கப்பட்டுள்ளது. முன்பெல்லாம் பிறருக்கு உரிமை மாற்றினால் நியமனதாரரின் பெயர் தானாகவே நீங்கிவிடும். காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கும் கடனுக்கு மட்டுமே விலக்கு. அதே திருத்தம், கடனுக்காகப் பிறருக்குச் செய்யும் உரிமை மாற்றத்துக்கும் அவ்விலக்கை விரித்தது. கடன் தந்தவரின் பாக்கி அளவுக்கு மட்டுமே நியமனதாரரின் உரிமை குறையும். ஊர்தோறும் பைத்துல்மால்கள் நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் தருவதை அறிவோம். நகையற்றவருக்குப் பாலிசியின் பேரில் அதே கடனை ஏன் தரக் கூடாது? அசல் மூழ்கிவிடும் என்ற அச்சமே ஜமாஅத் நிர்வாகிகளின் கையைக் கட்டுகிறது. இங்கே அந்த அச்சத்துக்கு இடம் குறைவு. சரண்டர் மதிப்புக்குள் கடன் நின்றால், கடனாளி இருந்தாலும் இறந்தாலும் அசல் திரும்பும். கடனை அடைமானம் வைப்பது பற்றிய மத்ஹபு வேறுபாட்டை மட்டும் ஆலிம்களிடம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உண்மையான கடனுக்கன்றி வாணிப நோக்கில் செய்யப்படும் உரிமை மாற்றத்தை நிறுவனம் மறுக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாலிசிகளை வாங்கி விற்கும் ஏலக் கடைகள் மீண்டும் முளைக்காதிருக்க அக்கட்டுப்பாடு தேவையே.

இறப்புக்குப் பின் வருவது பற்றியும் சில சொற்கள். பங்கீட்டு வசனங்கள் வாரிசுகளின் பங்கை வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பின்னரே வைக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் தன் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது அந்த வரிசைக்கு மாறானதன்று. மீதி யாருக்கு? நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. பணம் வாரிசுகள் அனைவருக்கும் உரியது என்று 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நியமனதாரராக இருந்தால் அவர்களே பயனுக்கும் உரியவர் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. சட்டம் எதுவாயினும், கைக்கு வந்த பணத்தை மார்க்கப்படி பங்கிடுவதிலிருந்து எந்த நியமனதாரரையும் அது தடுக்கவில்லை.

அடைமானத்திலிருந்தே பாலிசியைக் காக்க விரும்புவோருக்கு ஒரு பழைய வழியும் உண்டு. மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம், 1874இன் 6ஆம் பிரிவின்படி, மனைவி மக்களின் நன்மைக்காக என்று பத்திரத்திலேயே குறித்து எடுக்கப்படும் பாலிசி அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிறது. கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. கணவரும் தம் விருப்பப்படி அதன் மீது கடன் வாங்க முடியாது. தொடக்கத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் இச்சட்டத்துக்கு வெளியே இருந்தனர். பிற பகுதிகளில் 1923 ஏப்ரலுக்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே இப்பிரிவு அவர்களுக்குப் பொருந்தியது. சென்னை மாகாணத்திலோ 1913ஆம் ஆண்டின் இறுதி நாளுக்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தியது. பத்தாண்டு முன்னதாகவே நம் மாகாணத்துக்குக் கிடைத்த இவ்வசதியை நம்மவர் பயன்படுத்தியது அரிது. பாலிசி எடுக்கும்போதே இதற்குரிய படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எடுத்த பின் சேர்க்க இயலாது.

கடன் பெற்றவர்கள் செய்ய வேண்டியவை சில. உரிமை மாற்றத்தை எழுத்தில் நிறுவனத்துக்கு அறிவித்து, பதிவு செய்யப்பட்டதற்கான ஒப்புதலைப் பெற வேண்டும்; ஒருவருக்கு மேற்பட்டோர் உரிமை கோரினால் அறிவிப்பு சேர்ந்த நாளின் வரிசையே முன்னுரிமையைத் தீர்மானிக்கும். முகவரி மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். பத்திரம் எங்கே இருக்கிறது, பாக்கி எவ்வளவு என்பதை மனைவிக்குச் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் வைக்க வேண்டும். கடன் தீர்ந்த நாளில் பத்திரத்தை வாங்கி வந்தால் மட்டும் போதாது. உரிமை மீண்டும் பாலிசிதாரர் பெயருக்கே மாற்றப்பட்டதாக அதன் முதுகில் குறிப்பு எழுதப்பட்டு, நாளும் கையொப்பமும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.